ஒழுகாத பந்துகள்

"ஐயோ...!"

ஆராய்ச்சி மாணவி இலின்காவின் அலறலில் யாஷ் நகரத்து பாலிமர் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

பேராசிரியர் துமித்ரு மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் அவள் கொடுத்த காபி. பாதி குடித்திருந்தார்.

மூச்சு இல்லை!

மறுநாள் காலை. இன்ஸ்பெக்டர் ஸ்மரந்தா இலின்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மேஜையில் கைவிலங்கு.

"காபியில விஷமில்லம்மா. வயித்துலதான் இருந்துச்சு. கூடவே கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி ஓடுங்க. என்ன அது?"

"பாலிமர் பந்து மேடம். பாலிமரைக் கரைச்சு, தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டா... தானாவே சேர்ந்து உருண்டையாயிடும். உள்ளே காலி. தண்ணியில கலந்திருக்கிறது உள்ளே மாட்டிக்கும்."

"யாரும் சேர்க்க வேணாமா?"

"சும்மா விட்டாலே போதும்."

"எங்க ஆபீஸ்ல சும்மா விட்டா ஃபைல் கூட நகராது. சரி, யாருக்கு இது செய்யத் தெரியும்?"

இலின்காவுக்கு அடுத்த மாதம் கல்யாணம்...

"எனக்கும்... கொர்னேலியூ சாருக்கும்."

ஜன்னலோரம் நின்றிருந்த துணைப் பேராசிரியர் கொர்னேலியூ சிரித்தார்.

"நான் நேத்து காலை ஏழு மணியிலேர்ந்து பரீட்சை ஹால்ல இருந்தேன். எரநூறு பசங்க சாட்சி!"

"ஆறு மணிக்கு, புனித துமித்ரு திருநாள்னு அவருக்கு ப்ளம் கேக் ஊட்டினது நீங்கதானே சார்?" என்றாள் இலின்கா.

"அவர் செத்தது பன்னெண்டுக்கும்மா! உன் காபியைக் குடிச்சுட்டு!"

ஸ்மரந்தா நிதானமாகக் கைவிலங்கை எடுத்தாள்.

"பாதிப் பந்து வழியிலேயே ஒழுகியிருக்காம். ரிப்போர்ட் சொல்லுது. கத்துக்குட்டி வேலை. கையை நீட்டும்மா."

இலின்காவின் கண்கள் நிரம்பின. கைகளை நீட்டினாள்.

"ஒழுகிச்சா...?" கொர்னேலியூவின் முகம் சிவந்தது. "எந்த முட்டாள் எழுதின ரிப்போர்ட்? வயித்துல ஆறு மணி நேரம் சொட்டு கூடக் கசியாது! மூணு தடவை சோதிச்சுப் பார்த்துட்டுதான் கேக்ல..."

நிறுத்தினார்.

ஸ்மரந்தா எழுந்து அவர் பக்கம் நடந்தாள்.

"ரிப்போர்ட்ல அப்படி எதுவும் இல்ல டாக்டர். நானா சொன்னது."

விலங்கு இலின்காவைத் தாண்டிப் போய் அவர் மணிக்கட்டில் விழுந்தது. க்ளிக்!

"ஒன்பது வருஷ உழைப்பு!" கொர்னேலியூ கத்தினார். "கட்டுரையில அந்த ஆள் என் பேரையே எடுத்துட்டான்!"

ஸ்மரந்தா பேனாவைத் திறந்தாள்.

"விடுங்க டாக்டர். குற்றப்பத்திரிகையில உங்க பேர் மட்டும்தான்!"