நான்காவது மேசையின் வெள்ளைக் காய்கள்

பலகையின் மேலிருந்த வெள்ளைக் காய்களில் ஒன்றுக்கு வேர் இருந்தது.

அவள் முதலில் பார்வையை நகர்த்திவிட்டாள். சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. விடுதியின் நிலவறை மண்டபத்தில் நாற்பது பேர் எட்டு மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்ப் பல்லைப் பார்த்தேன் என்று யாரிடம் சொல்வது? பதினாறு வருடமாகப் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருப்பவளுக்குப் பார்ப்பதெல்லாம் பல்லாகத் தெரிவதில் வியப்பில்லை என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு மறுபடி பார்த்தாள். கீழ்த்தாடை, இடப்பக்கம், முன்கடைவாய்ப் பல். வேரின் நுனியில் இன்னும் ஈரம் இருந்தது.

அந்த மேசையில்தான் அவள் தம்பி ஆடிக்கொண்டிருந்தான்.

அவனுக்காகத்தான் வந்திருந்தாள். மனைவி விட்டுப் போன எட்டு மாதமாக அவன் அறையை விட்டு வெளியே வந்ததில்லை. தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்வான். இரண்டு வாரம் முன்பு, எங்கோ ஒரு சங்கம் மேசை விளையாட்டு மாநாடு நடத்துகிறது, போகட்டுமா என்று அவனே வந்து கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நானும் வருகிறேன் என்றாள். சனி, ஞாயிறு இரண்டே நாள். ஞாயிறு சாயங்காலம் அவனை முழுசாக வீடு கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

நாற்பது பேர் கூடினால் அவர்களில் ஒரு தலைவர் முளைத்துவிடுவார். இங்கே முளைத்தவரின் கழுத்தில் ஒரு விசிலும் ஓர் அட்டையும் தொங்கின. அட்டையில் நிறுவனர், தலைவர், தலைமை நடுவர் என்று மூன்று பதவிகள். காலையில் அவர் ஆற்றிய தொடக்க உரை நாற்பது நிமிடம் நீண்டது. இது வெறும் விளையாட்டல்ல, வாழ்க்கை முறை என்றார். நாகரிகத்தின் உச்சம் விதிகளை மதிப்பது என்றார். பின்வரிசையில் ஒருவர் அட்டைப் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனார். அதையும் விதிப்படி மதித்து யாரும் எழுப்பவில்லை.

பார்ப்பதற்கு எல்லாரும் சாதுவான ஆட்கள்தான். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. காய் குறைந்தால்கூட முகம் சுளிப்பதில்லை, கைக்குக் கிடைத்ததை வைத்து ஆடினார்கள். ஏழாவது மேசையில் ராஜாவாக நின்றது இருமல் மருந்து பாட்டிலின் மூடி. இரண்டாவது மேசையில் ஒரு படையே அழிரப்பர் துண்டுகளால் ஆனது. என்ன ஆனாலும் ஆட்டம் மட்டும் நிற்கக்கூடாது.

நான்காவது மேசையின் பெட்டி பழையது. முப்பது வெள்ளைக் காய்கள் இருக்க வேண்டியதில் நான்கு குறைந்தன. அங்கே தம்பியோடு ஆடிய மூவரில் ஒருவரான இன்ஷூரன்ஸ்காரர் தன் சட்டைப் பொத்தான் ஒன்றை அறுத்து வைத்துப் பார்த்தாராம். விதிப்புத்தகத்தைப் புரட்டியவரும் அவரேதான். ஷரத்து படிப்பதே பிழைப்பு அவருக்கு. மாற்றுக் காய் மற்ற காய்களின் இனமாகவே இருக்க வேண்டும், ஆடுகிறவருக்குச் சொந்தமானதாகவும் இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததாம். இதெல்லாம் தம்பி மதிய இடைவேளையில் சொன்னது.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"எங்க மேசை டிரைவிங் மாஸ்டர் கொடுத்தாருக்கா."

"எதை?"

"ஆடிட்டு இருந்த பல்லாம். எப்படியும் விழுந்திருக்கும்னாரு." தம்பி சிரித்தான். எட்டு மாதத்தில் அவள் பார்த்த முதல் சிரிப்பு. "பெரிய மனுஷன்க்கா அவரு. எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க."

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

மதியத்துக்கு மேல் மண்டபத்தின் வாசனை மாறியது. பழைய கம்பளத்தின் புழுங்கல் நெடிக்கும் குளிரூட்டி கக்கிய தூசி மணத்துக்கும் அடியில், மெல்ல, யாரோ கதவிடுக்கில் விரல் நுழைப்பதுபோல, கிராம்பு எண்ணெயின் வாசனை நுழைந்தது. தினமும் எட்டு மணி நேரம் சுவாசிக்கிற வாசனை அவளுக்கு. ஆனால் அதற்குரிய இடம் இதுவல்ல. பகடைகள் மரத்தின்மேல் உருளும் சடசடப்புக்கு நடுவே வேறொரு சத்தமும் ஒரே ஒரு முறை கேட்டது, பச்சைக் குச்சியை முறுக்கி ஒடிப்பதுபோல. அடுத்த மேசையில் பொம்மை வீரர்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் தன் கருவிப் பெட்டியைத் துழாவி, "குறடை எடுத்தவங்க துடைச்சுக் கொடுங்கப்பா," என்றார். கோபமே இல்லாத குரல்.

சாயங்காலம் பார்த்தபோது இன்ஷூரன்ஸ்காரரின் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதே மேசையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள் பஞ்சைக் கடித்தபடி தன் முறைக்குக் காத்திருந்தாள். மேசைக்கடியில் காகிதக் குவளைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு. மூன்று காய்கள் சேர்ந்துவிட்டன.

குறைவது ஒன்று.

ஞாயிறு காலை தம்பி அவளுக்கு முன்பே எழுந்து போய்விட்டான். மண்டபத்துக்கு இறங்கியபோது அவன் வாயில் கைக்குட்டை.

"என்னடா இது?"

"ஒன்னுமில்லக்கா." வார்த்தை குழறியது. "என் பங்கு."

"எந்திரி. வீட்டுக்குப் போறோம்."

"ஆட்டம் நடுவுல எழுந்தா மரியாதையா இருக்காதுக்கா."

தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் நாற்காலியோடு சேர்ந்து கனத்தான். மற்ற மூவரும் அவளைப் பார்த்த பார்வையில் பகை இல்லை. திரையரங்கில் குழந்தை அழுதால் பார்ப்போமே, அந்த அளவுதான்.

வெளியே போய்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். "யாராவது பலவந்தமா பிடுங்கினாங்களாம்மா?" இல்லை என்றாள். "சண்டை, கலாட்டா?" இல்லை. "பல்லைக் கொடுத்தவரு என்ன சொல்றாரு?" சந்தோஷமாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப நல்ல டாக்டரா பார்த்துக் கூட்டிட்டுப் போங்க," என்று வைத்துவிட்டார்.

தலைவரிடம் போனாள். அவர் தேநீரைக் கீழே வைத்தார். எதிரில் இருப்பது ஒரே ஆள் என்றாலும் மேடைக் குரல்தான் வந்தது.

"மேடம், நீங்க வெளியாள். இங்க யாரும் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் தர மாட்டேன்னாரு. சரி சார், உங்க விருப்பம்னு விட்டுட்டோம்."

"அப்புறம்?"

"அவருக்குப் பதிலா அவர் சம்சாரம் கொடுத்தாங்க. என்ன ஒரு பண்பு பாருங்க."

உதட்டுக்குள்ளேயே சிரித்தார். இரண்டு நாளாக அவர் வாய் விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு விசில். நாற்பது பேரும் மேலே போனார்கள். நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டு, வரிசையாக. மண்டபம் காலியானது. குளிரூட்டியின் முனகல் மட்டும். குழல்விளக்கு ஒன்று துடித்துத் துடித்து எரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் நான்காவது மேசையின் வெள்ளைக் காய்கள் தத்தம் நிழலை நீட்டி, உள்ளிழுத்துக்கொண்டன.

காய் இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். அப்படித்தான் நினைத்தாள்.

கைப்பையைத் திறந்து எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். வழிக்கும்போதே விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. புது நான்கு மட்டுமல்ல. பழைய இருபத்தாறும். மஞ்சள் ஏறி, வேர் ராவப்பட்டு, அடி தட்டையாக்கப்பட்ட கடைவாய்ப் பற்கள், கோரைப் பற்கள், முன்பற்கள். சுண்டுவிரல் நுனியளவில் ஒன்று இருந்தது. பால் பல்.

பின்படியேறிக் கொல்லைக்கு ஓடினாள். கழிவுநீர்த் தொட்டியின் மூடியைக் காலால் நெம்பிப் பையைக் கவிழ்த்தாள். கறுப்புத் தண்ணீர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது.

முடிந்தது. இனித் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

கீழே வந்தபோது எல்லாரும் இருக்கைக்குத் திரும்பியிருந்தார்கள். கத்தல் இல்லை. யார் எடுத்தது என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. வெறும் பலகையைச் சுற்றி நால்வர், பக்கத்தில் தலைவர், கையில் விதிப்புத்தகம்.

இருமல் மருந்து மூடி அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அழிரப்பர் படையும். இரண்டு நாளாகக் கண் முன்னால் பார்த்தும்.

"முப்பதும் இல்ல," என்றார் தலைவர். "ஆளுக்கு ஏழு. மீதி ரெண்டு."

"மீதி ரெண்டு யார் தர்றதுன்னு தெளிவா இல்லையே சார்," என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

"முதல்ல ஆளுக்கு ஏழு கொடுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

டிரைவிங் மாஸ்டர் எழுந்து சட்டைக்கையை மடித்துவிட்டார். இன்ஷூரன்ஸ்காரரின் தலையைத் தன் கக்கத்தில் இடுக்கி, முழங்காலை அவர் மார்பில் ஊன்றி, குறடை உள்ளே விட்டார். பக்கவாட்டில் அசைத்துத் தளர்த்த வேண்டும், நேராக இழுக்கக்கூடாது. அது அவருக்குத் தெரியவில்லை. இழுத்தார். எலும்பு முறியும் சத்தம். மறுபடி. மறுபடி. காலடியில் நாற்காலி சரிந்தது. இரத்தம் விதிப்புத்தகத்தின் திறந்த பக்கத்தில் தெறித்தது. பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தலைவர் ஊதினார். கிழிந்த உதட்டுடன் இன்ஷூரன்ஸ்காரர் ஒரு விரலை உயர்த்தினார். வாயில் நிரம்பியதை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"உடைஞ்சது செல்லாது. பின் இணைப்பு, மூணாவது பத்தி."

தலைவர் சரிபார்த்தார். செல்லாது.

மாஸ்டர் ஈறைக் கிழித்து மிச்சத்தைத் தோண்டினார்.

அவள் கத்தினாள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்து கையோடு வந்தது. அவன் வரவில்லை. மருந்துக்கடை அம்மாள் தன் ஐந்தாவதைத் தானே அசைத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி பார்த்து, பொட்டுச் சரிசெய்வதுபோல. ஏழாவதில் மயங்கி மேசை மேல் கவிழ்ந்தாள். பலகை நனையாமல் யாரோ ஓரமாக நகர்த்தினார்கள்.

மூவரிடமும் எடுத்ததில் பதினொன்று உடைந்துவிட்டது. பத்துதான் தேறியது.

தலைவர் விசில் ஊதினார். "நாலாவது மேசைக்குக் காய் பத்தல. இருக்கிறவங்க கொஞ்சம் உதவுங்க."

ஏழு மேசைகளும் எழுந்தன. தள்ளுமுள்ளு இல்லை. அட்டை எண் வரிசைப்படி நின்றார்கள். முதல் ஆள் மேசையருகே. கடைசி ஆள் படிக்கட்டில்.

கதவுக்கு ஓடலாம். ஓடினால் தனியாகத்தான்.

"மாஸ்டர் கையில நிறைய உடையுது," என்றார் தலைவர். ஒரு நாற்காலியை இழுத்து விளக்கின் கீழ் போட்டார். "மேடம், நீங்க இந்தத் தொழில்லதானே இருக்கீங்க. உங்க தம்பி சொன்னாரு."

தம்பி வந்து உட்கார்ந்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் கண்ணில் பயம். இப்போதாவது எழுந்துவிடுவான் என்று நினைத்தாள்.

"அக்கா. அவர் எடுத்தா உடையும். உடைஞ்சா திரும்பத் திரும்பத் தோண்டுவாரு." கையைப் பிடித்துக்கொண்டான். ஐந்து வயதில் பிடித்த பிடி. "நீயே எடுத்துரு."

"எந்திரிடா. சொன்னா கேளுடா."

"ஆட்டம் முடியட்டும்க்கா."

மாஸ்டர் குறடைத் துடைத்தபடி காத்திருந்தார். அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். தவறான பக்கம் திரும்பும் மணிக்கட்டு. தம்பியின் தாடையைப் பார்த்தாள். மெல்லிய எலும்பு. இவர் கையில் தாடையே உடையும்.

கை நீட்டினாள்.

குறடு இன்னும் சூடாக இருந்தது.

இடது கை தானாகப் போனது. பெருவிரல் அவன் மோவாயில். மற்ற விரல்கள் தாடைக்கு அடியில். தலையைப் பின்னால் சாய்த்தாள். பதினாறு வருடப் பழக்கம். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்லா திற," என்றாள்.

அவன் திறந்தான். அவனுக்குப் பின்னால், படிக்கட்டு வரை, வரிசையில் நின்ற அத்தனை பேரும் திறந்தார்கள்.