மேட்டில் இறங்காத பாரம்

மனைவி லூர்து மேரி இன்னும் வண்டியில் ஏறவில்லை. ஆனாலும் பின்சீட்டின் ஸ்பிரிங் கிரீச்சென்று தாழ்ந்து, எழாமல் அப்படியே நின்றது. ஞானசிகாமணி குனிந்து போல்ட்டைத் தடவிப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. மாமனார் வீட்டு வாசலில் சுருளிப்பட்டிச் சொந்தங்கள் கூடி நின்றதால் சட்டென்று நிமிர்ந்தான்.

"ஏன் மாப்ள, இன்னைக்காவது எந்தங்கச்சி மேட்டுல இறங்காமப் போகுமா?" என்று கேட்டான் மைத்துனன் மரிய ஜோசப். கூட்டம் சிரித்தது. ஞானசிகாமணிக்குக் காது மடல் சுட்டது.

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளம் ஏலத்தில் விட்ட குட்டி மோட்டார் சைக்கிள் அது. ஒரு ஆளுக்கென்று செய்தது. கம்பத்தில் பஸ் பட்டறை ஒன்றில் பிட்டராக இருந்த அவன், பின்னால் ஒரு சீட்டைச் சேர்த்திருந்தான். போன திருவிழாவுக்கு வந்தபோது ஓடைப் பாலத்து மேட்டில் வண்டி திணறி நின்றுவிட, பட்டுச்சேலையோடு மனைவி பின்னாலிருந்து தள்ளியதை ஊரே பார்த்தது. அதன்பின் அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. சிலிண்டரைக் கழற்றிக் கரியைச் சுரண்டினான். புது ரிங் போட்டான். புகைக்குழாயில் அடைத்திருந்த மசியை நெருப்பில் சுட்டு உதிர்த்தான். மேடு ஏறுவதற்கென்றே பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினான். தனியாக ஓட்டிப் பார்த்தபோது அதே மேட்டில் வண்டி துள்ளி ஏறியது.

"ஒரே மூச்சுல ஏறிடும், மச்சான்," என்று சொல்லி, மேரியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. வயல்தண்ணீரின் சேற்று வாடையும், இஞ்சினில் எரியும் எண்ணெய்யின் காந்தலும், மலைப்பக்கமிருந்து இறங்கிய ஈரக்காற்றும் கலந்து முகத்தில் மோத, புளியமரங்களின் நிழல்கள் ரோட்டில் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. பாலம் தாண்டியது. மேடு தொடங்கியது. இஞ்சினின் சத்தம் கம்மி, அடித்தொண்டையில் முனகி, ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கியது.

அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "செத்த இறங்குறியா?"

"இதுக்கு என்னங்க? நான் நடந்து வாரேன். நீங்க முன்னால போங்க." அவள் இறங்கினாள்.

வண்டி இலேசாகவில்லை.

முறுக்கினான். இஞ்சின் அலறியது, சக்கரம் நகர மறுத்தது. குனிந்து பார்த்தான். பின்டயர் நசுங்கியிருந்தது. சீட்டு இன்னும் தாழ்ந்தே இருந்தது. முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியது. நாள்பட்ட கிணற்றுத் தண்ணீரின் வாடை. காதருகே ஒரு மூச்சு. பிறகு இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள். ஈரமானவை. ஜில்லென்று.

காலால் ரோட்டை உந்தினான். உந்தி உந்தி உச்சியைத் தொட்டான். மறுபக்கச் சரிவில் வண்டியை விட்டான்.

"ஏங்க! எதுக்கு இம்புட்டு வெரசாப் போறீக? இருட்டா இருக்கு, நில்லுங்க!"

கேட்டது. நிற்கவில்லை.

சரிவின் பாதியில் பாரம் போய்விட்டது. வண்டி பறந்தது. அவன் ஆசைப்பட்டதைவிட வேகமாக, பட்டறையில் எத்தனையோ நாள் கனவு கண்ட மாதிரி. ஒரு கணம் அவன் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிதான் அவனை உலுக்கியது. அது இறங்கிவிட்டது. மேட்டில் அவள் இருக்கிறாள்.

பிரேக்கை அழுத்தினான். திரும்ப வேண்டும். திரும்பவில்லை. இஞ்சின் படபடத்துக்கொண்டிருக்க, யாராவது வரமாட்டார்களா, தனக்குப் பதிலாக வேறு யாராவது மேலே போய்ப் பார்க்கமாட்டார்களா என்று ரோட்டோரம் நின்றான். யாரும் வரவில்லை. கட்டிக்கொண்டுவந்தவளை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறோம் என்பது உறைத்தபோது வாய்க்குள் எச்சில் கசந்தது. கடைசியில் வண்டியைத் திருப்பினான்.

விளக்கு வெளிச்சத்தில் அவள் வந்துகொண்டிருந்தாள். முதுகில் மூட்டை சுமப்பவள் போல முன்பக்கம் வளைந்து, ஒவ்வொரு அடியாக.

"மேரி..."

"நீங்க போங்க," என்றாள். மூச்சு வாங்கியது. குரலில் கோபமே இல்லை. "நீங்க பயந்துட்டீகன்னு இவுக என்கிட்ட வந்துட்டாக."

"யாரு?"

"தெரியலைங்க. நடக்க முடியலன்னாக."

ஏறு என்று சொல்ல நினைத்தான். தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் அவனைக் கடந்து போனாள்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தான். அவள் கழுத்தை இரண்டு வெளுத்த கைகள் கட்டியிருந்தன. தோளில் ஒரு தலை குழந்தை போலச் சாய்ந்திருந்தது. அந்த உருவத்தின் இடுப்புக்குக் கீழே வெறும் ஈரத்துணி, தரையில் இழுபட்டு, நீளமாக, மேட்டு உச்சி வரை முடியாமல் நீண்டு வந்துகொண்டே இருந்தது.