பேர் வெட்டிய தட்டு

போனில் மகளின் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். டக். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது என்றுதான் பூவிழி முதலில் நினைத்தாள். ஆனால் சொட்டுகிற தண்ணீருக்கு இப்படி நின்று நிதானித்து, இடம் பார்த்து விழத் தெரியாது.

"என்னடி சத்தம் அது?"

"அக்கா ஏதோ தட்டிக்கிட்டிருக்காங்கம்மா."

"எந்த அக்கா?"

"ரூம்ல கூட இருக்கிறவங்க. சீனியர். நான் லேப் முடிச்சு லேட்டா வந்தா, மெஸ்ல எனக்கும் சேர்த்து வாங்கித் தட்டுல போட்டு மூடி வெச்சிருக்காங்க. நீ கதை கதையா சொல்லுவியே, அதே மாதிரி."

பூவிழிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குப் படிக்கப் போன பெண்ணுக்குச் சோறு எடுத்து வைக்க ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்றால் வேறென்ன கவலை. அன்று சாயங்காலம் காளியம்மன் கோயிலில், முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து ஒரு விளக்கு வைத்தாள்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அதே விடுதியில், அதே மாடியில், பூவிழியும் இருந்தவள்தான். களத்துமேட்டில் வளர்ந்தவளுக்கு இரும்புக் கட்டிலும் தலைக்கு மேல் விசிறியும் அங்கேதான் முதலில் கிடைத்தன. மெஸ் ரசத்துக்கு ஆத்துத்தண்ணி என்று பேர் வைத்திருந்தார்கள். கல்லூரி விழாவுக்கு ஒரே பட்டுப்புடவையை நாலு பேர் மாற்றி மாற்றிக் கட்டி மேடையேறினார்கள். வெள்ளிக்கிழமையானால் பெரிய கோயில் புல்வெளியில் உட்கார்ந்து, கடலையை உரித்துத் தின்றுகொண்டே, இருட்டும் வரைக்கும் பேசித் தீர்த்தார்கள். இதையெல்லாம் செம்மொழிக்குத் தாலாட்டு மாதிரி சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தாள்.

அந்தக் கதைகளில் ராஜாத்தி வராத கதையே இல்லை. ராஜாத்தியின் அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர். மகளுக்கும் அந்தக் கை இருந்தது. விடுதிக்கு வரும்போதே சின்ன உளியும் சுத்தியலும் கொண்டுவந்திருந்தாள். மாடியில் யாருடைய எவர்சில்வர் தட்டும் தவறிப் போகக் கூடாது என்று, விளிம்பின் வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக எல்லோருடைய பேரையும் வெட்டித் தந்தாள். டக். டக். டக். மத்தியானத் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் புதுசாக ஒருத்தி வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

மெஸ் மூடும் நேரத்துக்குள் வந்து சேராதவளின் தட்டை எடுத்துப்போய்ச் சோறு வாங்கி, இன்னொரு தட்டால் மூடி, அவள் கட்டில்மேல் வைப்பது ராஜாத்தியின் பழக்கம். போகப்போக அது அந்த மாடியின் பழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்கு ஒரு முறையும் உண்டு. உரியவள் வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்த தட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ராஜாத்தி படுப்பாள்.

"யாரும் பசியோட படுக்கக் கூடாதுடி," என்பாள்.

மகளுக்குச் சொல்லாத கதை ஒன்றும் உண்டு. கடைசி வருஷம், ஆடி மாசம், மேட்டூர்த் தண்ணீர் வந்து விடுதிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரை தொட்டுப் போன நேரம். ஊருக்குப் போயிருந்த பூவிழி, பஸ் பழுதாகி ஒரத்தநாட்டிலேயே மாட்டிக்கொண்டாள். அவளுக்காக எடுத்து வைத்த சோறு விடிகிறவரை மூடியே இருந்தது. காலையில் மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. ஊசிப்போன சோற்றைக் கொட்டித் தட்டைக் கழுவ வாய்க்கால் படிக்குப் போனாள் ராஜாத்தி. பூவிழி வந்து பார்த்தபோது படியில் தட்டு மட்டும் கவிழ்ந்து கிடந்தது, சுத்தமாகக் கழுவி. மறுநாள் கீழே மதகில் ராஜாத்தி கிடைத்தாள்.

அந்தத் தட்டைப் பூவிழி பொன்னைப் போல வைத்திருந்தாள். ஆனியில் செம்மொழியை விடுதியில் சேர்த்தபோது, புதுத் தட்டு வாங்கக் கடைக்குக் கிளம்பியவள் திரும்பிவந்து அதையே எடுத்துப் பெட்டியில் வைத்தாள். விளிம்பில் 'பூவிழி' என்று இருந்தது. இருக்கட்டுமே, தாயின் பேர்தானே, மகளுக்குத் துணையாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்குச் செம்மொழி வரவில்லை. ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டுமாம். குரலில் ஒரு கரகரப்பு, தொண்டைக்குள் ஈரமணல் கிடப்பதைப் போல.

"சாப்பிடுறியாடி ஒழுங்கா?"

"வயிறு முட்டச் சாப்பிடுறேம்மா. அக்கா விட மாட்டாங்க. யாரும் பசியோட படுக்கக் கூடாதும்பாங்க."

பூவிழியின் கையில் இருந்த கரண்டி அசையாமல் நின்றது. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் மகளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் அழுகை வந்துவிடும் என்று அதை மட்டும் தனக்கென்று வைத்திருந்தாள்.

"வீடியோல வா. உன்னைப் பாக்கணும்."

திரையில் தெரிந்த முகத்தில் கன்னமே இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு. சிரித்தபோது பல் ஈறுகளில் கோடு போட்டாற்போல் மண்நிறம்.

"அக்கா எங்கடி?"

"இதோ, எதிர்க்கட்டில்லதான் உக்காந்திருக்காங்க. நீ எப்ப வருவேன்னு தினம் கேக்குறாங்கம்மா." செம்மொழி போனைத் திருப்பினாள்.

மெத்தைகூட இல்லாத வெறும் இரும்புக் கட்டில். அதன் நடுத்தகடு மட்டும், ஆள் உட்கார்ந்ததுபோல் உள்வாங்கி இருந்தது. கீழே தரையில் தண்ணீர்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பூவிழி கிளம்பினாள். ஐப்பசி மழை விடாமல் அடித்தது. வழியெல்லாம் சம்பா நடவு முழங்காலளவு தண்ணீரில் நின்றது. பாலத்துக்கு மேல் வெள்ளம் போகிறது என்று ஒரத்தநாட்டில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் ஒரத்தநாடு. மறுபடியும் காத்திருப்பு. மடியில் முறுக்குப் பொட்டலத்தையும் காளியம்மன் கோயில் குங்குமச் சிமிழையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாயே, நான் போய்ச் சேரும் வரைக்கும் பார்த்துக்கொள், என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விடுதி வாசலை அடையும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மின்சாரம் இல்லை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்கார ஜெயா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செம்மொழி அம்மாங்களா? நல்லவேளை வந்தீங்க. நானே வார்டன்கிட்டச் சொல்லி போன் போடச் சொல்லணும்னு இருந்தேன். மெஸ் பக்கமே வர்றதில்லைங்க அந்தப் பொண்ணு. கேட்டா, சாப்பிட்டாச்சுங்குது. நான் கட்டிக்கொண்டார்ற உப்புமாவக் குடுத்தாலும் வேணாங்குது."

"கூட ஒரு சீனியர் பொண்ணு இருக்காமே?"

"அந்த ரூம்லயா? உங்க பொண்ணு ஒண்ணுதாங்க. இன்னொரு கட்டில் சும்மாதானே கெடக்கு."

பூவிழி முறுக்குப் பொட்டலத்தை அப்படியே ஜெயாவின் கையில் கொடுத்தாள். "பிள்ளைங்களுக்குக் குடுங்க. கொஞ்ச நேரத்துல என் மகளைக் கீழ அனுப்புறேன். பக்கத்துலயே வெச்சுக்குங்க. மேல மட்டும் விட்டுடாதீங்க."

"விட மாட்டேங்க, நீங்க போங்க."

படியேறும்போதே வாடை வந்தது. மழையின் வாடை இல்லை. வாய்க்கால் வற்றும்போது அடிச்சேற்றிலிருந்து எழும்புமே, அழுகிய வேரும் நத்தையும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை, அது. தாழ்வாரம் முழுக்க ஈரக் கால்தடம். வாய்க்கால் பக்கத்து ஜன்னலிலிருந்து செம்மொழியின் அறை வரைக்கும் போயிருந்தது. திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை.

கதவு ஒருக்களித்திருந்தது.

செம்மொழி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே, மூடிய தட்டு. அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாம்மா! அக்கா சொன்னாங்க, மழையில மாட்டிக்கிட்டா, ஆனா வந்துருவான்னு." சொல்லிக்கொண்டே மேல்தட்டை எடுத்தாள்.

உள்ளே சேறு. கருத்த வண்டல், குவித்து, நடுவில் குழித்து, சாம்பார் ஊற்றியதுபோல் பாசித்தண்ணீர். ஓரத்தில் நத்தைகள், கூட்டு வைத்ததுபோல். அதிலிருந்து ஆவி பறந்தது.

செம்மொழி பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். பல்லுக்கிடையில் ஓடு நொறுங்கும் சத்தம்.

"துப்புடி!" பூவிழி பாய்ந்து தட்டைப் பிடுங்கினாள்.

"அம்மா, குடும்மா. பசிக்குது. அக்கா மனசு கஷ்டப்படும்."

தட்டின் விளிம்பு பூவிழியின் விரலில் நெருடியது. பார்க்காமலே தெரிந்தது. புள்ளி புள்ளியாக அவளுடைய பேர். எல்லாம் அப்போதுதான் விளங்கியது. ராஜாத்தி செம்மொழிக்கு எடுத்து வைக்கவில்லை. பூவிழிக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அன்றைக்கு ஆறிப்போன அந்தச் சோற்றை, உரியவள் வந்து சாப்பிடும் வரைக்கும். பேரைப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறாள், பேருக்குரியவளின் பிள்ளை தின்று தேய்கிறாள்.

சிமிழைத் திறந்து மகளின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். தோளைப் பிடித்துக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள்.

"கீழ போ. ஜெயாக்கா பக்கத்துல உக்காரு. நான் கூப்பிடாம வராதே. போ சாமி."

செருப்புச் சத்தம் படியிறங்கித் தேயும் வரைக்கும் நின்றாள். பிறகு மகளின் கட்டிலில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே வெறுங்கட்டில்.

"ராஜாத்தி," என்றாள். அன்பாகத்தான் கூப்பிட்டாள். பயத்தைவிட அன்பு பெரிது என்று நம்பி வளர்ந்தவள் அவள். "நான் வந்துட்டேன்டி. லேட்டாயிடுச்சு. எனக்குன்னு வெச்சதை நானே சாப்பிட்டுடறேன். அப்புறம் நீ படுத்துக்க. என்ன?"

எதிர்க்கட்டிலின் இரும்பு முனகியது.

முதல் கவளம். வாய்க்குள் குளிர் பரவியது. மண். பாசி. விழுங்கினாள். இரண்டாவது. நாக்கில் ஏதோ நெளிந்தது. காளியம்மா. விழுங்கினாள். கண்ணில் நீர் கொட்டியது. கையால் வாயைப் பொத்தி உள்ளே அனுப்பினாள். எதிரில் யாரோ மூச்சு விடாமல் பார்த்திருந்தார்கள். தரையில் தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. இன்னொன்று. இன்னொன்று. கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றாள்.

மூலையில் வாளித்தண்ணீர் இருந்தது. தட்டை அலசினாள். இரண்டு தரம் அலசினாள். எதிர்க்கட்டிலின் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"ஆச்சுடி. படு."

ஒரு பெருமூச்சு. அது தன்னுடையதா என்று தெரியவில்லை. உள்வாங்கியிருந்த தகடு மெல்ல மேலெழுந்து சமமானது. வாடை விலகியது. ஜன்னல் வழியாக வெறும் மழையின் மணம் வந்தது, நாற்றங்கால் மணம். கீழே ஜெயா எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பூவிழி சுவரில் சாய்ந்து அழுதாள். வாய் முழுக்க மண்ணோடு, நிம்மதியாக. நான் சாப்பிட்டதைப் பார்த்தாலே அவளுக்குப் போதுமாயிருந்திருக்கிறது பாவம், என்று நினைத்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கையை நீட்டினாள்.

விளிம்பில் பேர் இல்லை.

பூவிழி என்று இருந்த இடம் வழவழவென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. விரலால் தடவினாள். சுற்றிலும் தடவினாள். இல்லை.

டக்.

விரலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

டக். டக்.

கை இல்லை. உளி இல்லை. புள்ளிகள் மட்டும், நிதானமாக, இடம் பார்த்து. ஒரு கொம்பு வளைந்தது. பக்கத்தில் ஓர் எழுத்து நின்றது. செ.

"வேணாம்டி."

டக். டக். டக். ம். மேலே தனியாக ஒரு புள்ளி.

தட்டைப் பிடுங்கினாள். அசையவில்லை. கட்டிலோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் பிய்ந்தது.

"ராஜாத்தி! அவ சாப்பிட்டாச்சுடி! அவளுக்குப் பசியில்லடி!"

மொ.

கீழே சிரிப்பு நின்றிருந்தது. "ஏ பொண்ணு, எங்க போற? நில்லு..." என்ற ஜெயாவின் குரல், தூரத்தில். படியில் செருப்புச் சத்தம். ஏறியது. வேகமாக.

"வராதே!" வாயிலிருந்து சேறுதான் வந்தது. சத்தம் வரவில்லை.

டக். டக். ழ. அதன் தலைக்கு மேல் கடைசிச் சுழி, புள்ளி புள்ளியாக வளைந்து முடிந்தது.

கதவுக்கு வெளியே செம்மொழி செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா. பசிக்குது."

கவிழ்ந்திருந்த தட்டு மெல்லத் திரும்பி நிமிர்ந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது.