மூடும் பொத்தான்

ஈரல்மடையை மூடிவிட்டுத்தான் நவமணி அன்று காலையில் பல்லே துலக்கினாள். மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்த புருஷன் சிவராசு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

பிடிக்கமாட்டானா பின்னே? மடை வராத காலத்தில் அவள் எடுத்த ரத்த வாந்தியைச் சட்டி வைத்துப் பிடித்தவன் அவன். சாராய வாடைகூட அறியாதவள். காமாலைக் கிருமி ஒன்று ஓசைப்படாமல் அவள் ஈரலைத் தழும்பாக்கிச் சுருக்கிவிட்டது. சுருங்கிய ஈரலுக்குள் நுழைய வழியில்லாத ரத்தம் திரும்பிப் போய் உணவுக்குழாயில் முட்டும், அங்கே ரத்தக்குழாய்கள் புடைக்கும், ஒருநாள் வெடிக்கும். அழுத்தம் ஏறினால் தானே திறந்து, ஈரலைத் தொடாமல் ரத்தத்தை வேறு வழியில் அனுப்புவதுதான் வயிற்றுக்குள் வைத்துத் தைக்கும் இந்த மடையின் வேலை. மடை வந்த பிறகு அந்தச் சாவு நாட்டில் ஒழிந்தது.

சரி, ஈரல் கழுவாத ரத்தம் நேரே மூளைக்குப் போகிறதே, அதை யார் கேட்பது? ஈரோட்டில் கணக்கு டீச்சராக இருந்தவள், மடை திறந்திருந்தால் சோற்றுக்கு உப்புப் போட்டோமா என்றுகூடத் தெரியாமல் நிற்பாள். திட்டினாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே சிவராசுக்கு அழுகை வரும். மூடி வைத்துச் சில மணி நேரம் போனால் பழைய நவமணி திரும்புவாள், அதுவும் உயிரைப் பணயம் வைத்து. இனி வரும் மடைகளில் மூடும் பொத்தானே கிடையாதாம், பழையவற்றிலிருந்தும் எடுத்துவிடுவார்களாம். அதை எதிர்த்துப் பேசத்தான், அதை முடிவு செய்யும் டாக்டர்கள் குழுவிடம் கிளம்புகிறாள்.

இந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று அவன் எவ்வளவோ மன்றாடினான்.

"ஏனுங்க, நான் நானா இருந்தாத்தானே பேச முடியும்?" என்றாள். "ரத்தம் வந்தா வரட்டும். பொத்தான் நம்ம கையில இருக்கோணும்."

குழுவின் முன் அவள் பேசியது, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியது மாதிரி இருந்தது. மடையே வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எப்போது காவல் வேண்டும், எப்போது தெளிவு வேண்டும் என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும் என்றாள். குழுத்தலைவர் டாக்டர் கார்த்தியாயினி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தெளிவாப் பேசறீங்களேம்மா. அப்புறம் மடையால மூளைக்கு என்ன கெடுதல்?"

"மூடிட்டு வந்திருக்கேனுங்க."

டாக்டர் பதறிப்போனார். பேசி முடித்துவிடுகிறேன் என்று நவமணி கெஞ்சினாள். முதலில் உயிர், பிறகுதான் பேச்சு என்று அவர் மேசையிலிருந்த கருவியைத் தட்டி அங்கிருந்தபடியே மடையைத் திறந்துவிட்டார். பாவம், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. படுக்க வைத்து, போர்த்திவிட்டு, சாயங்காலம்வரை காத்திருந்து மறுபடி கேட்டார்கள், மடையால் ஏதும் குறை உண்டா என்று.

நவமணி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு கொறையும் இல்லீங்க" என்று சிரித்தாள்.

சிவராசு துள்ளி எழுந்தான். நோயாளி வாயால் சொல்வதுதான் செல்லும் என்று அவனை உட்கார வைத்துவிட்டார்கள். குழு ஒருமனதாக முடிவெடுத்தது. பொத்தான் நோயாளி கையில் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் எடுத்துவிடலாம், இந்த அம்மாவிடமிருந்தே தொடங்கலாம்.

பட்டையைக் கழற்ற வேண்டும், கையை நீட்டுங்கள் என்றார் டாக்டர். நவமணி நீட்டினாள்.