இரண்டு சாவியும் இருக்க, வண்டி எங்கே?

காலை ஆறு மணி. புருஷோத்தமன் கண் விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் வண்டியைப் பார்க்க ஓடினான். நேற்று ராத்திரி வரை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், வேப்பமரத்தடியில், மாலையும் கழுத்துமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்ற வெள்ளை லேண்ட் குரூசர் அங்கே இல்லை. டயர் தடம் இருந்தது. மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி இருந்தது. வண்டி இல்லை.

உள்ளே ஓடினான். சாமி அலமாரியில், வைத்த இடத்தில் வைத்தபடி சாவி இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தாட்சாயணி, போச்சுடீ," என்றான் மனைவியிடம். "எல்லாம் போச்சு."

எல்லாம் என்றால் உண்மையிலேயே எல்லாம்தான். குவைத்தில் ஒரு ஷேக்கு வீட்டில் பதினோரு வருஷம் இதே மாதிரி வண்டியை ஓட்டியவன் அவன். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அங்கே சேர்த்த அத்தனையையும் பழைய லேண்ட் குரூசர் ஒன்றில் போட்டுவிட்டான். ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் இறங்கும் பெரிய மனிதர்களைத் திருமலைக்கு ஏற்றிப் போகலாம், எத்தனை வருஷம் ஓட்டினாலும் விலை இறங்காது, நாளைக்கு விற்றாலும் போட்டது வந்துவிடும் என்பது அவன் கணக்கு. தப்பான கணக்கு இல்லை. வண்டி ஓடினால் அவன் சித்தூரிலேயே இருக்கலாம், லீவில் மட்டுமே பார்த்து வந்த மகள் சந்தியா வளர்வதைக் கூட இருந்து பார்க்கலாம். வண்டி இல்லாவிட்டால் நாளை ராத்திரி சென்னையில் குவைத் விமானம் ஏற வேண்டும். அதைத் தவறவிட்டால் விசாவும் போய்விடும். பிழைக்க வேறு வழி கிடையாது.

ஏழேகாலுக்கு சப்-இன்ஸ்பெக்டர் பிரேமலதா வந்தார். புத்தூர்க்காரர். ஸ்டேஷனில் தெலுங்கு பேசுவார், தமிழ் வீடுகளில் தமிழ். லேசில் சிரிக்க மாட்டார். அவர் சிரித்தால் எதிரில் இருப்பவனுக்கு நல்லதில்லை என்று ஸ்டேஷனில் பேச்சு.

"சாவி எங்க?"

நீட்டினான். கறுப்புத் தலை வைத்த சாவி. வளையத்தில் மஞ்சள் கயிறு சுற்றி, குங்குமம் அப்பி, சருகாகிப்போன துளசிக் கொத்து ஒன்று செருகியிருந்தது. பிரேமலதா அதை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேற சாவி போட்டு ஓட்ட முடியுமா?"

"முடியாது மேடம். சாவிக்குள்ள சிப்பு கீது. இந்த வண்டிக்குன்னு இருக்கற சாவி போட்டாத்தான் இன்ஜின் புடிக்கும்."

"மொத்தம் எத்தினி சாவி?"

"ரெண்டு. எனக்கு ஒண்ணுதான் குடுத்தாங்க. இன்னொண்ணு பெங்களூர்ல பழைய ஓனர்கிட்ட கீதாம். வாங்கித் தர்றன்னு புரோக்கர் சிட்டிபாபு சொன்னாரு."

சிட்டிபாபு பெயரைக் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடன் கிடைத்துவிட்டான் என்று எல்லாருக்கும் பட்டது.

"நேத்து நடந்ததைச் சொல்லு."

"வண்டி பூஜை திருமல அடிவாரத்துல அலிபிரியில போடறதுன்னு ஒரு வாரமா பேசிக்கினு இருந்தோம் மேடம். நானு, இவ, கொழந்த, சிட்டிபாபு நாலு பேரும் கெளம்பினோம். சந்திரகிரிகிட்ட ரோடு மறியல். வண்டி நவுரல. நல்ல நேரம் போய்டும்னு திருப்பிக்கினு காணிப்பாக்கம் வந்து பிள்ளையார் கோவில்ல போட்டோம். அய்யரே சாவிய தட்டுல வெச்சி ஆரத்தி காட்டி, கயிறு கட்டிக் குடுத்தாரு. வூட்டுக்கு வந்து நானே வண்டியப் பூட்டி, சாவிய சாமிகிட்ட வெச்சேன்."

"சிட்டிபாபு?"

"சாப்ட்டுட்டு ஒம்போது மணிக்குப் போய்ட்டாரு."

பிரேமலதா சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் திரும்பினார். புருஷோத்தமனின் அப்பா அப்பாவு.

"நீங்க போவலியா பெரியவரே?"

"முட்டி வலிம்மா. ஏறி எறங்க முடியல. கொழந்த வந்து நெத்தியில துன்னூறு வெச்சி லட்டு குடுத்துது. துன்னுட்டுப் படுத்துட்டேன்."

"நீ?"

இந்தக் கேள்வி புருஷோத்தமனின் தம்பி முரளிதரனுக்கு. ரேணிகுண்டாவில் கார் வொர்க்ஷாப் மெக்கானிக்.

"வேலை முடிஞ்சி கடைசி பஸ் புடிச்சி வந்தேன் மேடம். எல்லாரும் தூங்கிக்கினு இருந்தாங்க. மூடி வெச்சிருந்த சோத்தத் துன்னுட்டு மாடிக்குப் போய்ட்டேன்."

"வண்டியப் பாத்தியா?"

"பாத்தேன். மாலையோட நின்னுக்கினு இருந்திச்சி."

முரளிதரன் நல்ல தம்பி. போலீஸ் வருவதற்குள் அண்ணனுக்குக் காபி வாங்கி வந்திருந்தான். பரண் மேலிருந்த அண்ணனின் பயணப் பெட்டியையும் இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தான். "அண்ணா, வண்டி கெடச்சா கெடைக்கிது. நீ ஃப்ளைட்ட மட்டும் விட்டுடாத. இங்க நான் பாத்துக்கறேன்," என்றான். அவன் சொல்வதும் சரிதான் என்றார் அப்பாவு. தாட்சாயணி கணவனின் சட்டைகளை எடுத்து வந்து பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

பத்து மணிக்கு சிட்டிபாபுவை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்கள். வந்தவர் உட்காரவே இல்லை.

"நேனு சேயலேது மேடம்! நான் செய்யல! திருடறவன் கூடவே கோவிலுக்கு வருவானா? பொய் சத்தியம் பண்ணா சும்மா விடாத சாமியாச்சே, திருடன் காணிப்பாக்கத்துல கால் வைப்பானா? சொல்லுங்க!"

புருஷோத்தமன் பாய்ந்து அவர் காலரைப் பிடித்தான். கான்ஸ்டபிள் விலக்குவதற்குள் பிடி தானாகவே தளர்ந்தது. அடுத்த நிமிஷம் அவர் காலில் விழுந்து கிடந்தான்.

"சிட்டிபாபு சார், உங்க புள்ளைங்க நல்லா இருப்பாங்க. குடுத்துடுங்க. கேஸ் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்குத் திரும்பிப் போவ முடியாதுங்க. இன்னொரு வாட்டி அந்த ஷேக்கு வூட்டு வாசல்ல போயி நிக்க முடியாது."

சிட்டிபாபு அழுதுவிட்டார். புரோக்கர் அழுது யாரும் பார்த்ததில்லை என்பதால் கான்ஸ்டபிளுக்கு அது நடிப்பாகத் தோன்றியது. பிரேமலதாவுக்குத் தோன்றவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டார். பழைய ஓனர் நிதானமாகச் சொன்னார்: "அந்தச் சாவியை முந்தாநாளே கூரியர்ல போட்டுட்டேனே."

பதினொன்றரைக்குக் கூரியர் ஆபீசிலிருந்து உறையை ஸ்டேஷனுக்கு வாங்கி வந்தார்கள். ஒட்டு பிரியவில்லை. சீல் கலையவில்லை. பிரேமலதா கிழித்தார். உள்ளே இரண்டாவது சாவி.

"ரெண்டு சாவியும் இங்க கீது. வண்டி மட்டும் போயிருக்கு. பேய் ஓட்டிக்கினு போச்சா மேடம்?" என்றார் கான்ஸ்டபிள்.

பிரேமலதா பையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, அந்தச் சாவியையும் புதிதாக வந்த சாவியையும் மேஜை மேல் அருகருகே வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். ரேணிகுண்டாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

மதியம் இரண்டு மணி. புருஷோத்தமன் வீட்டுக் கூடம். சிட்டிபாபுவையும் கூட்டி வந்திருந்தார். சமையலறைக் கதவை ஒட்டி சந்தியா நின்றாள்.

"ரெண்டு சாவியும் ஒரே வண்டிக்குன்னா பல்லு வெட்டும் ஒண்ணாத்தானே இருக்கணும்?" என்றார் பிரேமலதா. "பாருங்க. தலைதான் ஒண்ணு. வெட்டு வேற. சாமிகிட்ட இருந்தது உங்க சாவியே இல்ல."

புருஷோத்தமன் இரண்டையும் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான்.

"வண்டி அதோட சொந்த சாவியிலதான் போச்சு. நல்ல சாவிய எடுத்துக்கினு வேற வண்டியோட செத்த சாவிய வெச்சிட்டுப் போயிருக்கான். வண்டியே இல்லாதப்போ சாவிய எதுல போட்டுப் பாப்பீங்க? பழி பெங்களூர் சாவி மேல விழும். விழுந்திச்சி. பாவம், இவரு அழுதாரு."

"யாரு மேடம்?"

"தாட்சாயணி, நேத்து அய்யர் சாவிக் கயித்துல இன்னா செருவினாரு?"

"அருகம்புல்லு மேடம்."

"இது இன்னா?"

தாட்சாயணி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "துளசி," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சதுர்த்தி ஒரு நாள் விட்டா பிள்ளையாருக்குத் துளசி ஆவாது. அது சின்னக் கொழந்தைக்கும் தெரியும். காலையிலேர்ந்து என் பையிலியே வெச்சிக்கினு சுத்தினேன், மதியம்தான் எனக்கே ஒறச்சிது. துளசி பெருமாள் பக்கம். அலிபிரியில பூஜை போட்ட சாவிக்குக் கட்டறது. அதுவும் நேத்து பறிச்ச துளசி இல்ல, சருகு. முன்னாடியே கட்டி ஜோபியில வெச்சிக்கினு இருந்திருக்கான். பூஜை அலிபிரியிலதான் நடந்திச்சின்னு ராத்திரி வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தவன் வேலை இது."

பிரேமலதா விரல் விட்டு எண்ணினார்.

"காணிப்பாக்கம் போனது நாலு பேருக்குத் தெரியும். பெரியவருக்கு நெத்தியில துன்னூறு வந்திச்சி, அவருக்கும் தெரியும். தெரியாத ஆளு ஒருத்தன். எல்லாரும் தூங்கினப்புறம் வந்தவன். வெளக்கு போடப் பயந்து, இருட்டுல தடவி சாவிய மாத்தினவன்."

"இல்ல மேடம்," என்றான் புருஷோத்தமன். முரளிதரன் சொல்ல வேண்டியதை அவன் முந்திக்கொண்டு சொன்னான். "இல்ல, இல்ல. அவன் என் தம்பி."

"அவன் வொர்க்ஷாப்ல ஆக்சிடெண்ட் ஆயி நொறுங்கின லேண்ட் குரூசர் ஒண்ணு கெடக்குதாம். ஆணியில மாட்டியிருந்த அதோட சாவியக் காணோமாம். முரளி, நீயே சொல்றியா?"

முரளிதரன் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தான்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல அண்ணா. பலமனேர் ரோட்டுல சிநேகிதன் வெல்லக் கொட்டாய்ல தார்ப்பா போட்டு மூடி வெச்சிருக்கேன். வெடிகாலம் பால் வண்டி ஏறி வந்துட்டேன். ஒரு கீறல் கெடையாது."

"விக்கறதுக்காடா?"

"அய்யோ, இல்ல! நீ ஃப்ளைட் ஏறிட்டா கெடச்சிடுச்சின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். உன் வண்டி எனக்கு எதுக்கு?" அவன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். "நீ இங்கியே நின்னுட்டா யாருண்ணா காசு அனுப்புவாங்க? நான் கட்டற வூடு சுவரோட நிக்கிது. நைனா முட்டிக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. வண்டி ஓடும், ஓடாமப் போவும், யாரு கண்டா? அங்கேர்ந்து வர்றது மாசாமாசம் வருது. ஒரு மாசம்கூட நின்னது இல்ல."

ஒரு மாசம்கூட நிற்காமல் அனுப்பியது புருஷோத்தமன். ஜுரத்தில் கிடந்த மாசமும் அனுப்பினான், அம்மா செத்ததற்கு வர முடியாமல் போன மாசமும் அனுப்பினான்.

"இன்னும் எத்தினி வருஷம்டா?" என்று கேட்டான். "எத்தினி வருஷம் அனுப்பினா போதும்னு நெனச்சிக்கினு இருந்த?"

முரளிதரன் அப்பாவின் முட்டியைப் பார்த்தான்.

"கேஸ் எழுதவா?" என்றார் பிரேமலதா.

"டேய், தம்பிடா," என்றார் அப்பாவு மெதுவாக.

புருஷோத்தமன் சிட்டிபாபுவைப் பார்த்தான். அவர் சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் அறுந்திருந்தன.

"எழுதுங்க மேடம். இவரு காலரைப் புடிச்சேன் நான். இவருக்காவாச்சும் எழுதுங்க."

கான்ஸ்டபிள் முரளிதரனை எழுப்பி வெளியே கூட்டிப் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. சந்தியா கதவை விட்டு வந்து புருஷோத்தமன் பக்கத்தில் நின்றாள்.

"நைனா, அப்ப நீ போவ மாட்டியா?"

"போவ மாட்டேன்," என்றான்.

அப்பாவு முட்டியைத் தடவிக்கொண்டார். தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டு, மாசச் செலவை மனதில் கூட்டியபடி உள்ளே போனாள். அந்தப் பதிலைக் கேட்டு அந்த வீட்டில் சந்தோஷப்பட்டது சந்தியா ஒருத்திதான்.