இணைக்கப்படாதது: 1

மழை முதலில் தொடங்கியதா, திரையில் அந்தக் கோடு முதலில் தெரிந்ததா என்பது அவளுக்கு இன்று நிச்சயமில்லை. நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வரிசை கொஞ்சம் மாறுகிறது. மதியம் மூன்று மணி என்பது மட்டும் உறுதி. ஐந்துக்குள் டிசைன் கோப்பை அனுப்பினால்தான் சர்க்யூட் போர்டை இந்த வாரமே அச்சடித்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார்.

பக்கத்து அறையில் தம்பி படுத்திருந்தான். விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கட்டிலருகே நின்ற இயந்திரம்தான் குழாய் வழியே அவனுக்கு மூச்சு கொடுத்தது. மூச்சு தடைபட்டால் அலற வேண்டிய அதன் அலாரம் இரண்டு முறை ஏமாற்றிவிட்டது. இரண்டு முறையும் அவள் தற்செயலாக எட்டிப் பார்த்ததால் அவன் பிழைத்தான். மூன்றாவது முறையை விதியிடம் விட அவளுக்கு மனமில்லை. தானே ஓர் அலாரத்தை வடிவமைத்தாள்.

"முடிஞ்சுதா, இல்ல உன் ஓசி சாஃப்ட்வேர் காலை வாரிடுச்சா?" மூச்சு வெளியேறும் இடைவெளியில்தான் அவனால் பேச முடியும்.

"ஓசி இல்லடா. யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். என் டிசைனையும் அப்படித்தான் பொதுவுல போட்டிருக்கேன்."

"அப்போ என் மூச்சு ஊர்ப் பொதுச்சொத்துன்னு சொல்லு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தைய நாள் யாரோ ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார்கள். பெயர் இல்லை, படம் இல்லை. 'விடுபட்ட இணைப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்' என்று ஒரே வரி. வழக்கமாக வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் ஏற்பாள். நேற்று அவசரம். திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றுவிட்டாள்.

திரையின் அடியில் 'இணைக்கப்படாதது: 1' என்று நின்றது. இன்னும் இணைக்க வேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே மென்பொருள் முடி போன்ற ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டும். எல்லாவற்றையும் இணைத்து முடித்திருந்தாள். ஆனாலும் ஒரு கோடு அலாரத்தின் முனையில் புறப்பட்டு, போர்டின் விளிம்பைத் தாண்டி, வெளியே இருந்த வெறும் கறுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

சன்னலில் மழை ஒரே சீராகப் பெய்ய, ஈரச்சுவரின் வாடையும் காலையில் வைத்த ஈயப்பற்றின் புகைநெடியும் கலந்து தொண்டையில் நிற்க, உள்ளறை இயந்திரம் உஸ்ஸென்று இழுத்து உஸ்ஸென்று விட, அவள் மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். போர்டு நகமளவு சுருங்கியது. பிறகு ஒரு புள்ளி. கோடு முடியவில்லை. புள்ளியைச் சுற்றி மஞ்சள் கோடுகள் வந்தன. ஒரு செவ்வகம். அதில் வாசலுக்கான இடைவெளி. இன்னொரு செவ்வகம். சமையலறை. குளியலறை.

இந்த வீடு.

புள்ளி இருந்தது அவளுடைய மேசையின் இடத்தில். கோடு சுவரைக் கடந்து அடுத்த அறையில் ஒரு சிவப்பு வடிவத்தில் முடிந்தது. நீளமான வடிவம். அளவுகோலை இழுத்துப் பார்த்தாள். 1,720 மில்லிமீட்டர். கட்டில் வாங்கும்போது தம்பியை டேப் வைத்து அளந்தவள் அவள்தான்.

அழிக்கப் பயந்தாள். நகர்த்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. சிவப்பு வடிவத்தை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"ஏன்க்கா கட்டில ஆட்டுற?"

கை துள்ளியது. விரல் ஒரு விசையில் விழுந்தது. உதிரிபாகத்தைப் போர்டின் அடிப்பக்கத்துக்குப் புரட்டும் விசை. மேற்பக்கத்தின் சிவப்பு, அடிப்பக்கத்தின் நீலமானது. இடது கை தன்பாட்டுக்குச் சேமித்தது. எதை மாற்றினாலும் உடனே சேமிப்பது பதினைந்து வருடப் பழக்கம்.

மின்சாரம் போனது.

இயந்திரத்துக்கு பேட்டரி உண்டு. உஸ். உஸ்.

"டேய்?"

உஸ்.

எழுந்து போனாள். கட்டில் இருந்தது. தலையணையில் தலையின் குழி இருந்தது. குழாய் அந்தக் குழிக்குள் இறங்கியது. மண்டியிட்டுக் குனிந்தாள். மெத்தைக்குக் கீழே வெளிவந்த குழாய் தரைக்குள் போயிற்று. ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. தண்ணீருக்குள் போவதுபோல.

தரைக்கு அடியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"அக்கா… கட்டில ஏன் கவுத்த? மூஞ்சில ஏதோ அழுத்துது."

மின்சாரம் வந்தபோது கோப்பில் போர்டு மட்டுமே இருந்தது. இணைக்கப்படாதது: 0. முந்தைய நிலைக்குத் திரும்ப எந்தப் படியும் மிச்சமில்லை. திருத்தம் அனுப்பியவரின் கணக்கும் இல்லை.

மாலையில் வந்த நர்ஸ் தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினாள், பிறகு வரவில்லை. கொத்தனார் இரண்டு ஆள் ஆழம் தோண்டினார். குழாய் மண்ணுக்குள் இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது. கூலிகூட வாங்காமல் குழியை மூடிவிட்டுப் போனார். ஐந்துக்குள் அவள் அனுப்பிவிட்ட கோப்பின்படி பட்டறைக்காரர் போர்டைச் சொன்ன நாளில் அனுப்பினார்; அதை அன்றே இயந்திரத்தில் பொருத்தினாள். தம்பி எப்போதாவது பேசுகிறான். இடமும் வலமும் மாறிக் கிடப்பதாகச் சொல்கிறான். அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்த அலாரம் இதுவரை ஒரு முறைகூட அலறவில்லை.