தொண்ணூறைத் தாண்டாத படகு

தாவுரா தீவில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் சௌந்தரவல்லி டீச்சரின் மணிக்கட்டு சிவந்துவிட்டது. இத்தனைக்கும் அவர் அதுவரை பார்த்தது ஒரு பெயர்ப்பலகையை மட்டும்தான்.

சிவந்தது அமைதிமானி. தீவில் கால் வைக்கும் எவரும் கட்டிக்கொள்ள வேண்டிய பட்டை அது. நாடி, மூச்சு, வியர்வை மூன்றையும் கலந்து ஓர் எண்ணைக் காட்டும். தொண்ணூறு வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. பசிபிக் தீவுகளின் பவளத்திட்டுகள் பாழாகத் தொடங்கிய காலத்தில், கெடுதல் செய்வது கூட்டம் அல்ல, கூட்டத்தின் பரவசம்தான் என்று யாரோ கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். பரவசப்பட்ட மனிதன் கத்துகிறான், தண்ணீரை அடிக்கிறான், தொடக் கூடாததைத் தொடுகிறான். போதாக்குறைக்கு அவன் வியர்வையில் கசியும் ரசாயனம் மீன்களை மிரட்டுகிறது. அன்றிலிருந்து பச்சைக்காரர்களுக்கு மட்டுமே காட்சி. பவளமும் பிழைத்துக்கொண்டது. சட்டத்தைக் குறை சொல்ல வழியில்லை என்பதுதான் எரிச்சல்.

மன்னார்குடியிலிருந்து வந்த முப்பத்திரண்டு பேரில் டீச்சருக்குத்தான் தவிப்பு அதிகம். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் பசிபிக் பெருங்கடலை வரைந்து, தீவுகளுக்குப் புள்ளி வைத்தவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே சிறைப்பட்ட பொற்குளத்தைப் பார்க்க வேண்டும். கொட்டத் தெரியாத பொன்னிற ஜெல்லி மீன்கள் லட்சக்கணக்கில் அங்கே சூரியனின் பின்னாலேயே கரைக்குக் கரை நீந்துகின்றன.

முதல் நாள் அருவியின் இரைச்சல் கேட்டதுமே நூற்றுப் பத்து. பாறைத் துளை வழியாகக் கடல் ஐம்பதடி பீறிடும் இடத்தில் நூற்று இருபது. எரிமலைக்கு அடிவாரத்தோடு சரி. இரண்டாம் நாள், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்பதாக நினைத்துக்கொண்டு எண்பத்தெட்டு வரை இறக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பச்சைப் புறா தலைக்கு மேல் பறந்து காரியத்தைக் கெடுத்தது. குழுவில் ஒரு வங்கி அதிகாரி தூக்க மாத்திரை போட்டு ஏமாற்றப் பார்த்தார். பட்டை அதையும் கண்டுபிடித்து அவரைக் கப்பலுக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

எந்த நூற்றாண்டானாலும் நம் ஆட்கள் சமையல்காரர் இல்லாமல் கடல் கடப்பதில்லை. இந்தக் குழுவின் சமையல்காரர் கலியமூர்த்திக்கு எண் எழுபதைத் தாண்டியதே கிடையாது. அவருக்கு எல்லா இடமும் திறந்திருக்கிறது என்று வழிகாட்டிப் பெண் லேவானி முதல் நாளே சொன்னாள். அடுப்பு வைக்கக் காற்று அடிக்காத இடம் இருக்கிறதா என்று மட்டும் அவர் கேட்டார். மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கப்பல். காலையில் பொற்குளத்துப் படகுத்துறையில் டீச்சர் கடைசியாக முயன்று, நூற்றுப் பதினைந்தோடு தோற்றார். அங்கே நிழல் என்றால் கூரை போட்ட தானோட்டிப் படகு ஒன்றுதான். அதில் ஏறுபவர்கள் எல்லோரும் ஐந்து நிமிடம் பச்சையில் இருந்தால் படகு ஓசையில்லாமல் தானே கிளம்பும், ஒருவர் சிவந்தாலும் திரும்பிவிடும். குழுவில் மற்ற யாருக்கும் பச்சை இல்லாததால் சும்மா கிடந்தது. கலியமூர்த்தி அதில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெயில்ல நிக்காதீங்க டீச்சர். இப்படி நெழலுக்கு வாங்க."

டீச்சர் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போவட்டும் மாஸ்டர். மேப்புல பாத்ததே போதும்னு நெனச்சுக்கிறேன். அந்தக் கத்தியக் குடுங்க."

நிஜமாகவே விட்டுவிட்டார். பீன்ஸைக் கையில் எடுத்ததும், இவ்வளவு தடிமனாக நறுக்கினால் பொரியல் எப்படி வேகும் என்று ஆரம்பித்து, நேற்றைய ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது வரை வந்தார். அவருடைய பட்டை நூறு, தொண்ணூற்று இரண்டு, எண்பது என்று இறங்கியதை அவர் பார்க்கவில்லை. படகு நகர்ந்ததும் தெரியவில்லை. கலியமூர்த்தி நிமிர்ந்தபோது அலையாத்தி மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

பிறகு குளம் வந்தது.

பச்சைத் தண்ணீருக்குள், கண்ணுக்கு எட்டிய வரை, பொன்னிறமாக வெந்த பணியாரங்கள் மூச்சு விட்டுக்கொண்டு மிதந்தன. சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, அத்தனையும் வெளிச்சத்தை நோக்கிப் போயின. படகைச் சுற்றி இடைவெளியே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பாத்திரத்துக்குள் மட்டுமே எட்டிப் பார்த்த மனிதருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுபத்தாறு. எண்பத்து மூன்று.

எதிரே டீச்சர் தலை குனிந்து பெருங்காயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சொன்னால் அந்த நொடியே சிவப்பு, படகு திரும்பிவிடும். சொல்லாவிட்டால் நாற்பது நிமிடம் குளத்தை முழுதாகச் சுற்றி, நறுக்கிய பீன்ஸோடு கரை சேர்வார்கள். டீச்சரே நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கலாம் என்றால் கலியமூர்த்தியின் எண்ணே எண்பத்தெட்டைத் தொட்டுவிட்டது. மனதை அடக்க, மதியத்துக்கு எத்தனை படி அரிசி என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். எண் இறங்கவில்லை.

"டீச்சர், பீன்ஸ் போதும். நிமிந்து பாருங்க."

இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றாகச் சிவந்தன. படகு நின்று திரும்ப ஆரம்பித்தது. அலையாத்தி மரங்கள் மறைக்கும் வரை பதினொரு விநாடி கிடைத்தது. டீச்சர் கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் சொல்கிற மாதிரி, "பாருங்க மாஸ்டர், எல்லாம் கெழக்க போவுது, சூரியன் பக்கமாப் போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மடியிலிருந்த பீன்ஸ் கொட்டியதைக் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை அந்தப் படகு அதற்கு முன் ஏற்றியதில்லை.

துறையில் லேவானி முகம் வாடி நின்றாள். இருவர் பெயருக்கும் எதிரே 'வருகை தோல்வி' என்று பதிவாகிவிட்டது. டீச்சர் அதைக் காதில் வாங்காமல், மணலில் குச்சியால் குளத்தின் படத்தை வரைந்து, சுற்றி நின்றவர்களுக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். கலியமூர்த்தியின் பட்டை மட்டும் நூற்றுப் பதினெட்டில் நின்று இறங்க மறுத்தது. அவர் லேவானியிடம் ஒன்று கேட்டார்.

"ஏம்மா, பச்சைல போய் முழுசாச் சுத்திப் பாத்துட்டு வர்றாங்களே, அவங்கல்லாம் எறங்குனதும் என்ன சொல்லுவாங்க?"

அவர் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்பான் அவள் பதிலைப் புத்தகத் தமிழில் சொன்னது: "பெரும்பாலும், மதிய உணவு எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள் ஐயா."